தொட்டி விளிம்பில் ஒரு கொண்டை ஊசி

ஒகாயா
1984 நவம்பர் 6

மொமோசே வீட்டம்மாவுக்கு,

மலை பனியில் வெளுத்துவிட்டது, உங்கள் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். மனம் வரவில்லை. பட்டுக் காட்சியகத்தில் உங்கள் வீட்டுக்காரர் படத்தை மாட்டப் போகிறார்களாம். அடியில் ‘நூல் கொக்கியைக் கண்டுபிடித்தவர்’ என்று பலகையாம்.

கண்டுபிடித்தவள் கிவா. ஆலையில் என் பக்கத்துத் தொட்டிக்காரி. 1932 அக்டோபர் 13, வியாழக்கிழமை. கொதிநீரில் பட்டுக்கூடுகள் உருள, நூலில் விழுந்த சிக்கை எடுத்து எடுத்து எங்கள் விரல்கள் வெந்திருந்தன. கிவா கொண்டை ஊசியை உருவி, வளைத்து, தொட்டி விளிம்பில் சொருகினாள். நூல் அதன் வழியே ஓடியது. சிக்கு அங்கேயே நின்றது. “ஏன்டி ஷிகே, இந்த ஊசிக்கு இருக்கிற அறிவு உனக்கில்லையே!” என்று சிரித்தாள்.

வசந்தத்தில் எல்லாத் தொட்டியிலும் கொக்கி. முதலாளிக்குப் போன காகிதத்தில் மேஸ்திரி மொமோசேயின் முத்திரை. அதற்குள் கிவா நெஞ்சுநோயோடு ஊருக்குப் போய்ச் செத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வருஷமாக என் அடுப்படியில், சோறு வேகும் ஆவியில் நிற்கிறாள். திருடிய பெயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஷிகே


ஷிமோசுவா
1984 நவம்பர் 15

அன்புள்ள ஷிகே அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் வைத்து வாசித்தேன். கோபமில்லை. நானும் அங்கே கூடு பொறுக்கியவள்தானே.

மறுநாள் அந்த ஊசியோடு அவர் வரிசை வரிசையாக வந்தது நினைவிருக்கிறதா? “இது யாரு வேலை? சொல்லுங்க!” என்றார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி கேட்டாலே அடுத்தது திட்டுதான் என்று நமக்குப் பழக்கம். மனிதருக்கு மெல்லப் பேசவும் வராது. பாராட்டத்தான் கேட்டாராம். முதலாளிக்கு எழுதிய தாளில் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு மூன்று நாள் வைத்திருந்தார். “முத்திரை இல்லாத தாளை முதலாளி அடுப்புலதான் போடுவாரு” என்று கடைசியில் தன்னுடையதைக் குத்தினார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை இதைச் சொன்னார்.

பலகை மாட்டுவதைத் தடுத்துவிட்டேன். கிவா பெயரைப் போட, நேரில் பார்த்தவர் எழுதித்தர வேண்டுமாம். அவர் கேட்டபோது அவள் ஏன் பேசவில்லை என்பதையும். எழுதுவீர்களா, அக்கா?

தாசு


ஒகாயா
1984 நவம்பர் 28

தாசுவுக்கு,

பத்து நாள் கடிதத்தை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

கிவா பேச எழுந்தாள். நான்தான் அவள் காலை மிதித்தேன். முந்தின வாரம் ஒருத்தியைத் தண்டனையென்று குளிரில் வெறுங்காலோடு முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். “உட்காருடி, சாகப்போறியா?” என்றேன். உங்கள் வீட்டுக்காரர் என்னிடமே வந்து, “உன் பக்கத்துலதானே இருந்துச்சு?” என்று கேட்டார். “இந்தத் தொட்டியில எங்களுக்கு முன்னாடி இருந்தவளோடதா இருக்கும்ங்க” என்றேன். கிவா உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “நல்லதுக்குக் கேட்டிருந்தா?”

“மேஸ்திரி எந்தக் காலத்துலடி நல்லதுக்குக் கேட்டான்?” என்றேன்.

நல்லதுக்குத்தான் என்று அந்த வாரமே தெரிந்துபோயிற்று. போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பொய்யும் வெளியே வரும். சொல்லவில்லை. அவள் இருமத் தொடங்கினாள். பிறகு உங்கள் வீட்டுக்காரரைத் திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது. இன்னமும் அவரைப் பிடிக்கவில்லை. அது வேறு.

இதையே காட்சியகத்தில் கொடுங்கள். ஹிதா ஊர்க்காரி, மியாஷிதா கிவா, பதினாறு வயது என்று எழுதச் சொல்லுங்கள்.

திறப்பு நாளில் என்னைக் கூப்பிடாதீர்கள். அவள் அங்கே போனால் சந்தோஷம். போகாமல் என் அடுப்படியிலேயே நின்றால், வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

ஷிகே