கம்பெனி வேனில் நடந்த கூட்டம்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாடையோடு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை சரிந்து கையில் விழுந்தது. அதைக் கடைசியாகக் கட்டியவள் நீதான். துவைத்து மடித்துக் கொடுக்கும்போது, "இதுல என் வேர்வையும் இருக்குடி, மறந்துராத" என்றாய். மறக்கவில்லை.

மதுரையில் நாம் வளர்ச்சியும் பெண்கள் உடல்நலமும் பற்றி முதுகலை படித்த காலம். நீ காரியாபட்டி; அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். நான் சாத்தூர். பாலினம், சமத்துவம், நலவாழ்வு என்று வகுப்பில் பெரிய பெரிய சொற்களாக வந்து விழும். நீ என் பக்கம் குனிந்து, "இதெல்லாம் நம்ம ஊர்ல எந்த பஸ்ல வந்து எறங்கும்?" என்பாய். அது பேராசிரியர் காதில் விழாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

கள ஆய்வுக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி கிடைத்தது. மேனேஜர் மதிக்க வேண்டுமென்று முதல் நாள் பளபளவென்று நைலக்ஸ் சேலையில் வந்தாய். வாட்ச்மேன் வாசலிலேயே மறித்துவிட்டார். "காட்டன் சேலை கட்டிட்டு வாங்க தாயி. இது உரசுனாலே பொறி பறக்கும்." பட்டாசு ஊர்க்காரி நான், எனக்கே தோன்றவில்லையே என்று மானம் போயிற்று. நீயோ பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தாய். மறுநாள் என் அம்மா சேலையில் உள்ளே போனாய்.

போய் என்ன? வேலை செய்யும் பெண்களோடு நாம் கூட்டிய கூட்டத்தில் போர்மேன் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். எதைக் கேட்டாலும், படிக்க வந்த நம்மையும் டீச்சராக்கிவிட்ட அந்தப் பெண்கள், "ஒரு கொறையும் இல்லைங்க டீச்சர்" என்றே சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று மாலை அவர்களை ஊரில் கொண்டுவிடும் கம்பெனி வேனில் நீ பாட்டுக்கு ஏறி உட்கார்ந்தாய். நானும் பின்னாலேயே ஏறினேன். வேன் கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். கழிப்பறை கிடையாது. ஒதுங்க வேண்டுமென்றால் வேலிக்கு அப்பால் முள்ளுக்காடு, அங்கே ஆள் நடமாட்டம். அதனால் காலையில் கிளம்பினால் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. "நீர் பிரியுறப்ப உசுரே போகுது டீச்சர். யார்ட்ட போய்ச் சொல்ல? படிச்சவுக வந்திருக்கீக, நீங்கதான் கேக்கணும்" என்றார் ஒரு அக்கா. டிரைவர் அண்ணன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவருக்குக் கேட்கவில்லை என்று அவர்கள் நம்ப வேண்டுமே. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை.

கழிப்பறை வேண்டுமென்று முதலாளியிடம் போய் நின்றோம். அவர் முதலில் கேட்டது, "யார் சொன்னது?" என்றுதான். பெயர் வெளியே வந்தால் அந்த அக்காவுக்கு மறுநாள் வேலை இருக்காது. நீ அசரவில்லை. "நாந்தான் சார் சொல்றேன். ஒரு நாள் சொட்டுத் தண்ணி குடிக்காம இருந்து பாருங்க. அப்புறம் என்னைய வர வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் நம்மை வெளியே போகச் சொன்னார். நீ விடவில்லை. சீசன் முழுக்கப் போய்ப் போய் நின்றாய். ஒருவழியாக அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்ற சேதி வந்தபோது நீ மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். சொன்னேன். "கதவுக்கு உள்தாப்பா வைக்கச் சொல்லு" என்றாய். கதவு போடும்போது நீ இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நம் வகுப்பை நானே எடுக்கிறேன். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்கிறேன்; மாணவிகள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் அவர்களை அச்சங்குளம் கூட்டிப் போயிருந்தேன். எல்லாம் புது முகங்கள், உன்னைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வேலைக்கு நடுவே ஒரு பெண் எழுந்து போர்மேனிடம், "டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். அவரும் சரியென்று தலையாட்டினார். யார் வீட்டுக்குப் போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆம்பளைக முன்னாடி பாத்ரூம்னு எப்படிச் சொல்ல? நாங்க வேலைக்கு வந்த நாள்லருந்து இப்படித்தான் சொல்றோம். எந்த டீச்சருன்னு யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.