நாலு மூலைக் கேணியில் கொடுத்த வாக்கு

9 மார்ச் 1981, திங்கள்

மறுபடி கோர்ட் டியூட்டி. பெயர்தான் சப்-இன்ஸ்பெக்டர். பெண் கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதும், ஸ்ரீரங்கத்தில் திருவிழா என்றால் பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்துவதும்தான் வேலை. என் பையிலிருந்த ரஷ்ய நாவலைப் பார்த்த இன்ஸ்பெக்டர் தைரியராஜ், "என்ன அக்னஸ், பரீட்சையா?" என்றார். ஸ்டேஷனே சிரித்தது.

14 மார்ச், சனி

திருவெள்ளறை. குடித்துவிட்டு அடித்த புருஷனைக் கதிர் அரிவாளால் கையில் வெட்டிவிட்டு, மூன்று வயது மகளோடு நாலு மூலைக் கேணிக்குள் இறங்கிவிட்டாள் மாரியாயி. யாராவது நெருங்கினால் குதித்துவிடுவாளாம். அந்தக் கேணிக்கு நாலு பக்கமும் படிகள்; ஒரு பக்கம் இருப்பவரை அடுத்த பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் மட்டும்.

"புள்ள சாப்பிட்டுச்சா?"

"காலைல பழைய சோறு," என்றாள். பிறகு, "நான் ஏறி வந்தா புள்ளைய அவரு வீட்டாளுங்ககிட்ட குடுத்துருவீங்கல்ல?"

மேலே நின்ற தைரியராஜைப் பார்த்தேன். சொல்லு என்பதுபோல் தலையசைத்தார்.

"குடுக்க மாட்டோம். ஒன்கூடத்தான் இருக்கும்."

"ஒங்க புள்ள மேல சத்தியம் பண்ணுங்க."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைம்மா."

"அப்ப ஒங்க அம்மா மேல."

பண்ணினேன். ஏறி வந்தாள்.

15 மார்ச்

நான் இல்லாத நேரத்தில் புருஷனின் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து குழந்தையைத் தூக்கிப்போய்விட்டான். தைரியராஜ்தான் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"வாக்கு கொடுத்தோமே சார்?"

"நீதாம்மா கொடுத்தே. நான் தலையத்தானே ஆட்டினேன்? ஆளை மேல ஏத்த ஆயிரம் சொல்லலாம். நல்லாத்தான் பேசினே, எஸ்.பி.க்கு எழுதறேன்."

பாராட்டாம். தூ.

17 மார்ச்

அம்மா தும்மினாள். கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டேன். படித்தவளாம் நான்.

27 மார்ச், வெள்ளி

காவல் நீட்டிப்புக்காக மாரியாயியை ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்குக் கூட்டிப்போக என்னையே அனுப்பினார்கள். வழியெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை, "இன்னும் ஒங்க அம்மா உசுரோட இருக்காங்களா?" என்றாள்.

மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடக் குனிந்தபோது பேசிவிட்டேன் — யாரும் கேட்காமலே. குழந்தை தாயோடு இருக்கும் என்று சொல்லித்தான் இவளை வெளியே வரவைத்தோம் என்று. பேனாவை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். குழந்தையைத் தாயிடம் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

வெளியே தைரியராஜ் காத்திருந்தார். "நீ யாரு பக்கம்மா?"

31 மார்ச்

ஜெயிலுக்குக் குழந்தையை நானே கொண்டுபோனேன். என்ன எதிர்பார்த்தேன் — ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்றா? என் கழுத்தை விடவில்லை. அந்த வீட்டில் என்ன சொல்லிவைத்தார்களோ, "அம்மா வெட்டும்" என்று அலறியது. மாரியாயி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"இதுக்குத்தான் ஏறி வரச் சொன்னீங்களா?"

பிடுங்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வெளிக்கதவு வரை அழுகை கேட்டது.

20 ஏப்ரல்

மெமோ வந்துவிட்டது. கேட்காமல் கோர்ட்டில் பேசியதற்கு விளக்கம் எழுத வேண்டும்.

6 ஜனவரி 1982, புதன்

மண்ணச்சநல்லூர். மேஸ்திரியை அடித்துவிட்டு, அரிசி ஆலைக் கூரையின் விளிம்பில் போய் நின்றுகொண்டார் மூட்டை தூக்கும் அடைக்கலம். ஏணியில் பாதி ஏறிப் பேசினேன்.

"ஸ்டேஷன்ல அடிக்க மாட்டாங்கன்னு சொல்லுங்கம்மா, எறங்குறேன்."

"சொல்லேம்மா, வாய் வலிக்குதா?" என்று கீழேயிருந்து தைரியராஜ்.

"அது என் கையில இல்லண்ணே. நான் ஒங்க பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவர் விளிம்பைவிட்டு நகரவில்லை. நானும் இறங்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு தானாகவே ஏணிக்கு வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்," என்றார் தைரியராஜ்.

இதை லாக்கப்புக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டாயிற்று. தைரியராஜ் இரண்டு தடவை வந்து, "இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.