நீதிமன்ற வாங்கில் குறட்டை விட்டவன் எழுதுவது

என்றைக்கும் எனக்கு முன்னால் நடந்துபோகிற தயா அண்ணைக்கு,

உங்கள் மூன்றாம் ஆண்டு நினைவுக்கு மலர் அச்சடிக்கிறார்கள். "நல்லதா ஒரு பக்கம் எழுதித் தாரும் குணம்" என்று உங்கள் மனைவி பவானி அக்கா கேட்டார். பத்தாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற காரியமா இது? நல்லதாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை அண்ணை. நடந்ததை எழுதுகிறேன்.

இந்த நாட்டுப் பொலிஸ் தோல் நிறத்தைப் பார்த்து மறித்து, வழக்கும் போட்டு இழுத்த பிள்ளைகளுக்காக நீங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நீதிமன்றம் போவீர்கள். கத்துவதில்லை, பதாகை இல்லை. இஸ்திரி போட்ட சேட்டோடு பின்வரிசை வாங்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. "பிள்ளைக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு நீதவான் பாக்கோணும், அவ்வளவுதான்" என்பீர்கள். எங்கள் பிள்ளை, ஹெய்ட்டிப் பிள்ளை என்று நீங்கள் பிரித்ததில்லை.

நான் வந்தது இரண்டே தரம். இரண்டாம் தரம் ஹெய்ட்டிக்காரி மரீயின் மூத்த மகனுடைய வழக்கு. விடியற்காலைத் தொழிற்சாலை வேலை முடித்து நேரே வந்தவன், வாங்கில் குறட்டை விட்டேன். காவலாளி தோளில் தட்டி எழுப்பினார். வெளியில் வந்து நீங்கள் சிரித்தீர்கள். "பரவாயில்லையடாப்பா. நித்திரை கொண்டாலும் கணக்கில ஒரு ஆள்."

நீங்கள் போன கையோடு அதே வழக்கு என் வீட்டுக்கும் வந்தது. நாங்கள் இருக்கிற லாசாலில், எங்கள் தெருவிலேயே, மகன் நிரோஷனைப் பொலிஸ் மறித்தது. அந்த வருடம் மூன்றாம் தரம். கார் யாருடையது என்று கேட்டார்கள். "ஏன் எப்போதும் என்னையே மறிக்கிறீர்கள்?" என்று அவன் பிரெஞ்சில் கேட்டான். கடமையைத் தடுத்தான், கையால் தள்ளினான் என்று எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு செய்ததெல்லாம் நான். ஊரில் விதானையாரிடமும் சோதனைச்சாவடியில் ஆமிக்காரனிடமும் குனிந்து குனிந்து தப்பி வந்த முதுகு இது. அதே வைத்தியத்தை இங்கேயும் பார்த்தேன்.

"மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுது. விட்டிடுவாங்கள்."

"நான் ஒண்டும் செய்யேல்லையப்பா."

"அது எனக்குத் தெரியும். எழுது."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் பிரெஞ்சில் எழுதினான். பொலிஸ் நிலையத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு பெட்டி லட்டோடு. லட்டைத் திருப்பித் தந்தார்கள். கடிதத்தை வைத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு உங்களைப்போல் நானும் ஆள் சேர்க்கப் போனேன். கோயிலில் எல்லோரும் "ஓம் ஓம், கட்டாயம் வாறம்" என்றார்கள். ஒருவர் மட்டும் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "கலியாணம் பேசிற பொம்பிளைப்பிள்ளை வீட்டில இருக்கு. கோட்டு வாசலில என்னைக் கண்டால் என்ன கதைப்பினம்?" என்று கேட்டார். அவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். வாசிக்கட்டும். கோபிக்க எனக்கென்ன தகுதி? நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் எனக்கும் முதுகுநோ வந்ததுதானே.

அன்று வாங்கில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். தொடங்குகிற நேரம் கதவு திறந்தது. மரீ, தேவாலயத்துக்குப் போகிற தொப்பியோடு. பக்கத்தில் வந்து இருந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். இரண்டையும் சொன்னேன்.

நிறத்தைப் பார்த்துத்தான் மறித்தார்கள் என்று எங்கள் சட்டத்தரணி வாதாடினார். எதிர்த்தரப்பு எழும்பி அந்தக் கடிதத்தை வாசித்தது. பிள்ளையின் கையெழுத்து, என் சொற்கள். "அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்றார் நீதவான். ஏன் மறித்தார்கள் என்பதை ஒரு வசனத்தில் கடந்துபோனார். குற்றவாளி என்று தீர்ப்பு. நிரோஷனை விமான நிலையத்தில் மெக்கானிக் வேலைக்கு எடுத்திருந்தார்கள். குற்றப்பதிவு வந்ததும் பாதுகாப்பு அனுமதி இல்லையென்றார்கள், வேலையும் போனது. இப்போது வில்லரேப் பக்கம் ஒரு டெப்பனரில், தெருமுனைக் கடையில், பியர்ப் பெட்டி அடுக்குகிறான். சாப்பாட்டு மேசையில் நான் உப்புக் கேட்டால் தாயிடம் கொடுக்கிறான். தாய் எடுத்து என்னிடம் தருகிறாள்.

மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டதற்குச் சட்டத்தரணி கடிதத்தைக் காட்டிக் கையை விரித்தார். இவ்வளவு வருடம் அந்த வாங்கில் இருந்து நீங்கள் என்ன கண்டீர்கள் அண்ணை? ஒரு நீதவானாவது நிமிர்ந்து பின்பக்கம் பார்த்தாரா? மரீயின் மூத்தவனும் உள்ளே போனவன்தானே. அதைப் பார்த்த பிறகும் எப்படி அடுத்த வழக்குக்குச் சேட்டை இஸ்திரி போட்டீர்கள்?

இப்போது மரீயின் இளையவனையும் பிடித்திருக்கிறார்கள். நாளைக்கு விசாரணை. இன்று பின்னேரம் குசினியில் என் சேட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றேன். நிரோஷன் வாசலில் நின்று பார்த்தான்.

"போய் என்ன செய்யப்போறீங்கள்?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி.

"இருக்கப்போறன்."

"ஒரு பிரயோசனமும் இல்லையப்பா."

"ஓம்" என்றேன். சேட்டின் கையைத் திருப்பிப் போட்டேன். அவன் அறைக்குப் போய்விட்டான்.

ஏதோ மாறும் என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். மரீக்குப் பக்கத்தில், கடைசி வரைக்கும், கண் மூடாமல் இருப்பேன் அண்ணை.

கணக்கில் ஒரு ஆள்,
உங்கள் கூடப்பிறக்காத தம்பி
குணம்