கால்வாய்க்காகத் திறந்த கல்லூரி

கம்பம், செவ்வாய் இரவு.

இன்று சிவில் மூன்றாம் ஆண்டுக்குப் நம் நாட்டில் பொறியியல் கல்வி தொடங்கிய கதையைப் பாடமாக நடத்தினேன். நிலம் அளக்க, கால்வாய் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வெள்ளைக்காரன் இங்கே பொறியியல் பள்ளிகளைத் திறந்தான் என்றேன்.

அனுமந்தன்பட்டி முருகேசன் எழுந்தான். "அப்ப வேலைய வச்சுக்கிட்டு காலேஜ் தொறந்திருக்காக. நம்மாளுக காலேஜத் தொறந்துட்டு வேலைய எங்கன சார் ஒளிச்சு வச்சிருக்காக?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் வந்தான். "நாளையிலருந்து மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறேன் சார். விடியமுன்ன ஆளேத்த ஜீப்பு வரும். சிவில் முடிச்ச எங்கண்ணனும் அந்த ஜீப்புலதான் போறான்."

படிப்பை விடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஆண்டுதோறும் புதுக் கட்டடம் எழுப்பும் நிர்வாகத்துக்கு வெட்கமில்லை. அங்கே சம்பளம் வாங்கும் எனக்கும் இல்லை.

விடியுமுன் அந்த ஜீப் என் தெரு வழியாகத்தான் மலையேறும்.