நீதான் இருக்கியே

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

இந்த வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறவில்லை. "மெக்கானிக் எதுக்கு? நீதான் இருக்கியே" என்றாள் எஜமானி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பிரித்துப் பழுது பெரிதானால் பழி என் தலையில் விழும். ஆனால் பாத்திரங்களைக் கையால் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெடித்துவிட்டன. ஆனது ஆகட்டும் என்று ஸ்விட்சை அணைத்து வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடித் துண்டு சிக்கியிருந்தது. எடுத்ததும் மெஷின் ஓடியது.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே! சரி, இனிமே மத்தியானம் சும்மாதானே இருப்பே, ஜன்னலெல்லாம் துடைச்சிடு."

"முடியாதும்மா. மத்தியானம் நான் படுக்கணும்" என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். கவலைப்படாதீர்கள்.

கைக்குக் களிம்பு அனுப்புங்கள். பாப்பாவின் சட்டை ஒன்றையும் துவைக்காமல் அதோடு வையுங்கள்.

மணியடிக்கிறாள். அடிக்கட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுவேன்.

உங்கள் வீட்டுக்காரி