கோல் போஸ்ட் அலறிய செவ்வாய்க்கிழமை

போர்ட் அகஸ்டா
மே 15, வியாழன்

அன்பு மகள் டீகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் எல்ஸியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்குப் பல் முளைத்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஏழு வாரத்துக்கு மேலாக நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் தபால் தலை வாங்கி ஒட்டியிருக்கிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன் கடைசிவரை படித்துவிடு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. உன் அப்பா நடமாட்டமாகத்தான் இருக்கிறார். இதை நான் எழுதும் இந்த நேரத்தில், தன் துணியை மட்டும் தனியாக வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு அதன் முன்னால் காவல்காரர் மாதிரி நிற்கிறார். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு காலுறை துவைத்தறியாத மனுஷன். ஏன் என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பழைய இரும்பு யார்டு வாசலில், நான் உட்கார்ந்து எடை பார்க்கும் ஜன்னலுக்கு எதிரே, லாரி ஏறி நிற்கும் எடைமேடைக்கு இரு பக்கமும் இரண்டு மஞ்சள் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில், அப்பா முதுகுவலி என்று இரண்டு வாரம் லீவில் இருந்தபோது வந்தவை. எல்லாரும் கோல் போஸ்ட் என்கிறோம். வருகிற இரும்போடு கதிரியக்கப் பொருள் ஏதாவது கலந்திருந்தால் அவை அலறும். சுரங்கங்களில் குழாய்க்குள் ஓடும் சேறு எவ்வளவு கெட்டி என்று வெளியிலிருந்தே அளப்பதற்கு ஒரு பெட்டி மாட்டுவார்கள். அதற்குள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கதிரியக்கக் குண்டு இருக்கும். சுரங்கத்தை மூடும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டால் எங்களிடம் வரும், எங்களிடமிருந்து உருக்காலைக்குப் போகும், ஒரு உலை இரும்பையே நாசமாக்கிவிடும். ஆளுக்கு என்ன ஆகும் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். அன்று மதியம் கொண்டுபோயிருந்த கறி பாஸ்டியை என்னால் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். டிவியில் புட்பால் ஓடிக்கொண்டிருந்தது, “ம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு முடிந்து முதல் நாள். அதிகாலையில் யார்டு லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே மூடிக் கிடக்கும் ஒரு சுரங்கத்துக்குப் போய், பழைய பம்புகளும் குழாய்களும் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தார். எடைமேடையில் ஏறியதுதான் தாமதம், கோல் போஸ்ட் அலறியது. என் மடியில் டீ கொட்டியது. அந்தக் குண்டு இவர் முதுகுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் வந்திருக்கிறதே என்றுதான் மனதில் ஓடியது.

மேனேஜர் ஸ்டாவ்ரோஸ் எல்லாரையும் முப்பது மீட்டர் தள்ளிப் போகச் சொன்னார். அப்பாவையும் இறக்கி வேலியோரம் நிற்க வைத்தார். பிறகு கதிர் அளக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயாக இறக்கிப் பார்த்தார்கள். இரண்டரை மணி நேரம். கருவி வாயே திறக்கவில்லை. காலி லாரியை ஸ்டாவ்ரோஸ் தானே ஓட்டி உள்ளே வந்தார், கம்பம் சும்மா இருந்தது. மறுபடி ஏற்றி ஓட்டினார், அப்போதும் சும்மா. புது மெஷின், கோளாறு போல என்று சொல்லி, அப்பாவையே ஓட்டி வரச் சொன்னார். அலறியது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், டீகன். “உன்னைப் பார்த்தாலே அதுக்கு ஆகலை மெர்வ், குளிச்சு எத்தனை நாளாச்சு?” என்று ஸ்டாவ்ரோஸ் அப்பாவைக் கேலி செய்தார். விளையாட்டாகக் கருவியை லாரி ஜன்னல் வழியே அவர் வயிற்றுக்கு நேரே நீட்டினார். அது படபடவென்று பொரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

உன் அப்பா யாரையும் பார்க்கவில்லை. லாரியை விட்டு இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். தினம் ரசீதுச் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளுவாரே, அதேபோல் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். மெர்வின் ஜான் பென்ஹேல் என்று பெயர். ஏப்ரல் 29 அன்று லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து செலுத்தப்பட்டது, இவர் உடலிலிருந்து வரும் கதிர் எச்சரிக்கைக் கருவிகளை ஒலிக்கச் செய்யலாம் என்று எழுதியிருந்தது. கீழே அடிலெய்டில் ஒரு புற்றுநோய்ப் பிரிவின் போன் நம்பர்.

“புராஸ்டேட். எலும்புக்குப் போயிருச்சு கிளெனிஸ். நவம்பர்லயே தெரியும்” என்றார்.

அதற்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. உனக்காவது தெரியட்டும்.

“அப்போ வேற பொம்பளை யாரும் இல்லையா?” என்று கேட்டேன்.

ஸ்டாவ்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டு லாரியில் ஏறி, அதை எடைமேடையிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உன் அப்பா அங்கேயே, எடைமேடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். திரை அவர் எடையைக் காட்டியது. அறுபத்தெட்டு கிலோ. போன வருஷம் எண்பத்தைந்து இருந்த ஆள். நான் தினம் எடை பார்க்கிறவள், இதைப் பார்க்கவில்லை.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை, நீயே சொல். லாரி ஏலம் என்று சொல்லிவிட்டு அடிலெய்டு போய் ராத்தங்கி வந்தார். வந்ததும் என் குறட்டை தாங்கவில்லை என்று படுக்கையை ஷெட்டுக்குக் கொண்டுபோனார். விரிப்பைத் தானே துவைத்தார். கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர் விட்டார். புருஷன் திடீரென்று விரிப்பு துவைத்தால் எந்தப் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? மருந்து வியர்வையிலும் சிறுநீரிலும் கொஞ்சம் வெளியேறுமாம், அதற்காகத்தானாம். எனக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாதாம். எவ்வளவு ஏச்சு ஏசினேன் அவரை.

நேற்று அந்த நம்பருக்கு நானே பேசினேன். நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். சிட்னி பக்கத்து அணு உலையில் செய்து வருகிற மருந்தாம். ரத்தத்தில் ஏற்றினால் அது புற்று இருக்கும் இடமாகத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தே சுடுமாம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை. எதை வாசலுக்குள் விடக் கூடாது என்று என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்களோ, அதுதான் என் புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று இன்னும் புரியவில்லை.

இப்போது உன் விஷயம். முதல் மருந்து எப்போது போட்டார்கள் தெரியுமா? மார்ச் 18. நீ கராத்தாவிலிருந்து பிளேன் மாறி மாறி, அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு எல்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தது மார்ச் 22. நான்கே நாள். நீ குழந்தையை நீட்டினாய். அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து தக்காளிப் பாத்தி வரைக்கும் போனார். குழந்தை அழுகை எனக்கு ஆகாது, தள்ளிக் கொண்டுபோ என்றார். நீ மறுநாள் காலை கிளம்பிவிட்டாய். நானும் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று உன் எதிரிலேயே சொன்னேன். சின்னக் குழந்தைக்குப் பக்கத்தில் போகவே கூடாது என்று எழுதிய தாள் அப்போது அவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று செவ்வாய் மாலை முழுக்கக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். நவம்பரில் உன் பிரசவம் முடியட்டும் என்று இருந்தாராம். பிறகு கிறிஸ்துமஸ் போகட்டும் என்று. அப்புறம் நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய். “இப்பச் சொன்னா, பரிதாபப்பட்டு வந்த மாதிரி ஆயிரும். அவ கோபம் அவளோடதாவே இருக்கட்டும்” என்றார். முட்டாள் மனுஷன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய் நீ என்றும் இப்போது தெரிகிறது.

நேற்று அவர் வேலைக்குப் போன பிறகு ஷெட்டுக்குள் போனேன். படுக்கையைச் சுற்றிச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கோடு. இரண்டு மீட்டர், டேப் வைத்து அளந்து போட்டிருக்கிறார், நான் தெரியாமல் உள்ளே வந்தால் நிறுத்துவதற்கு. படுக்கைக்குப் பக்கத்தில் அந்த உடைந்த நாற்காலி, எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி. நீ வந்திருந்த அன்று அந்த ஜன்னலோரம் நின்றுதான் எல்ஸிக்குப் பால் கொடுத்தாய். அவர் உள்ளே சாப்பிட வராமல் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நர்ஸிடம் தேதி கேட்டு வைத்திருக்கிறேன். இன்றிலிருந்து அவர் குழந்தையைத் தூக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. ஜூன் பத்தாம் தேதி அடுத்த மருந்து. அதற்குப் பிறகு மறுபடி இரண்டு வாரம் கூடாது. இப்படி இன்னும் எத்தனை இடைவெளி கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. மெஷின் நின்றுவிட்டது, துணி காயப்போடப் போகிறார், நான் முடிக்க வேண்டும். நீயும் எல்ஸியும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. வா. வந்து அவரிடம் எதுவும் கேட்காதே, நேராக ஷெட்டுக்குப் போ. தரையைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டைத் தாண்டிப் போய், குழந்தையை அவர் கையில் கொடு.

உன் அம்மா,
கிளெனிஸ்