ஹீட்டரில் காய்ந்த மரநார்

பெப்ரவரி 11, செவ்வாய்

உதவி செய்யப் போய் மகளின் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டேன்.

மரக்கூழிலிருந்து எடுத்த நுண்நாரை யாழினி ஒரு டப்பாவில் கொண்டு வந்து பிரிட்ஜில் வைத்திருந்தாள். பார்த்தால் தயிர்தான். நாளை வேறொரு பல்கலைக்கழகத்து மெஷினில் அதன் பரப்பளவை அளக்க வேண்டுமாம். “ஈரத்தோட அளக்க ஏலாது” என்று நேற்றுத் தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அது போதாதா எனக்கு? இன்று அவள் வெளியே போனதும் தட்டில் பரப்பி, வடகம் போல ஹீட்டர் மேல் வைத்தேன்.

மாலையில் தட்டில் கிடந்தது ஒரு பழைய அப்பளம்.

“அப்பா, இதை உறைய வைச்சுத்தான் காய வைக்கவேணும். சூட்டில நாரெல்லாம் ஒட்டிப்போகும்.”

“ஒட்டினா என்ன பிள்ளை? அதே சாமான்தானே?”

“ஒரு கரண்டி நாரை விரிச்சா எங்கட வீட்டு மேல்மாடி, கீழ்த்தளம் ரெண்டின்ர தரையையும் மூடும். இப்ப இந்தத் தட்டளவுதான்.”

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, குட்மேய்ஸில் இந்த வீட்டை வாங்க எத்தனை வருஷம் இரவு ஷிப்ட் அடித்தேன். அவ்வளவு இடத்தையும் ஒரே பகலில் தட்டுக்குள் அடக்கிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புதிதாக நார் செய்து மறுபடி மெஷின் கிடைக்க ஒரு மாதம் ஆகுமாம். பிறகு அந்த அப்பளத்தைப் போத்தலில் போட்டாள்.

“நாளைக்கு இதை அளக்கிறன். பிழையாக் காய வைச்சா எவ்வளவு குறையுது எண்டாவது காட்டலாம்.”

லேபிளில் ‘அப்பா’ என்று எழுதி ஒட்டினாள்.

போத்தலுக்குள் இருந்தாவது நான் பல்கலைக்கழகம் போவது இதுதான் முதல் தடவை.